ரின்ஸ் த பிளட் ஆஃப் மை டோகா

கனடாவின் நகைச்சுவை இரட்டையர் ஜானி வெய்னும் ஃபிராங்க் ஷஸ்டரும் எழுதி நடித்த குறுநாடகம். ‘என் டோகாவில் (ரோமானிய மேலாடையில்) படிந்த ரத்தத்தை அலசி எடு’ என்பது தலைப்பின் பொருள். ஜூலியஸ் சீசரின் கொலையை அமெரிக்கத் துப்பறியும் கதைகளின் பாணியில் கேலிசெய்யும் இந்நாடகம் 1950-களில் கனடிய ஒலிபரப்புக் கழகமான சிபிசியின் வானொலிக்காக உருவானது. பின்னரே தொலைக்காட்சிக்குப் போனது.

வெய்னும் ஷஸ்டரும் டொராண்டோவின் ஹார்போர்டு உயர்நிலைப் பள்ளியில் பழகியவர்கள். அங்கும் பிறகு டொராண்டோ பல்கலைக்கழகத்திலும் சேர்ந்தே மேடையேறினார்கள். 1941-இல் சிஎஃப்ஆர்பி வானொலியில் நுழைந்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்தில் சேர்ந்து வீரர்களுக்காக நிகழ்ச்சிகள் நடத்தினார்கள். 1946-இல் சிபிசியில் இவர்கள் பெயரிலேயே ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. ஷேக்ஸ்பியரைக் கையில் எடுத்துக் கலாய்ப்பது இவர்களுக்குக் கைவந்த கலை. அவருடைய நாடகங்களைப் பள்ளியில் மனப்பாடம் செய்து சலித்த கேட்பவர்களுக்கு அது பழிதீர்க்கும் சுகத்தையும் கொடுத்திருக்க வேண்டும்.

கதையின் சட்டகம் எளிது. ஃபிளேவியஸ் மாக்சிமஸ் ரோமாபுரியில் தொழில் நடத்தும் தனியார் துப்பறிவாளன். ‘பிக் ஜூலி’ கொல்லப்பட்டதும் அவனை அமர்த்திக் கொலையாளியைத் தேடச் சொல்பவன், கொன்றவர்களில் ஒருவனான புரூட்டஸ். வெய்ன் துப்பறிவாளனாகவும் ஷஸ்டர் புரூட்டஸாகவும் நடித்தார்கள்.

மர்மக் கதையில் மர்மமே இல்லை என்பதுதான் இங்கே வேடிக்கை. கி.மு. 44 மார்ச் 15 அன்று செனட் கூட்டத்தில், பலர் கண்ணெதிரே நடந்த கொலை அது. கொன்றவர்கள் ஒளியவில்லை, ரோமுக்கு விடுதலை வாங்கித் தந்ததாக வெளியே வந்து முழங்கினார்கள். சதியில் 60-க்கும் மேற்பட்டோர் இருந்ததாக ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதுகிறார். உடலில் 23 காயங்கள். அவற்றில் மார்பில் விழுந்த இரண்டாவது குத்து மட்டுமே உயிரைப் பறித்தது என்று மருத்துவர் ஆன்டிஸ்டியஸ் கருதியதாகவும் அவரே சொல்கிறார். ஆக, பிணத்தை ஆராய்ந்த மருத்துவர் வரை துப்பறியும் கதைக்கு வேண்டிய சரக்கெல்லாம் வரலாற்றிலேயே இருந்தது. துப்பறிய வேண்டிய குற்றவாளி மட்டும் இல்லை. உலகத்துக்கே தெரிந்த விடையைத் தேடி ஃபிளேவியஸ் நகரெங்கும் அலைகிறான். கேட்பவர்கள் அவனைவிட எப்போதும் ஓர் அடி முன்னால் நிற்கிறார்கள்.

அமெரிக்க வானொலியில் சாம் ஸ்பேட் தொடர் 1946-இலும் ‘டிராக்நெட்’ 1949-இலும் தொடங்கியிருந்தன. நாயகனே கரகரத்த குரலில், தன்மையில் கதை சொல்லிக்கொண்டு போகும் முறை அவற்றால் நேயர்களுக்குப் பழகிப்போயிருந்தது. ஸ்டான் ஃபிரீபெர்க் 1953-இல் டிராக்நெட்டைக் கிண்டலடித்து வெளியிட்ட இசைத்தட்டு சக்கைப்போடு போட்டது. எனவே பாணி ஒன்றும் புதிதல்ல. அதை ரோமானிய அரசியலுக்குள் கொண்டுபோனதில்தான் இவர்களின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது: செனட்டை ஒரு தாதா கும்பலாகவும் சீசரை அதன் தலைவனாகவும் காட்டினால் குடியரசின் கடைசிக் காலம் பெரிதாகத் திரிந்துபோகவில்லை.

நகைச்சுவை பெரும்பாலும் காதை நம்பியே இருக்கிறது. ஃபிளேவியஸ் தன் உரிம எண்ணை ரோமானிய எண்ணெழுத்துகளில் மூச்சுமுட்ட ஒப்பித்துவிட்டு, கண் பரிசோதனைப் பலகைக்கும் அது உதவும் என்கிறான். மதுக்கூடத்தில் ‘மார்ட்டினஸ்’ ஒன்று கேட்கிறான். மார்ட்டினி வேண்டுமா என்று பரிமாறுபவன் திருத்த, இரண்டு வேண்டுமானால் இரண்டாகக் கேட்டிருக்க மாட்டேனா என்று சீறுகிறான். லத்தீனில் ‘அஸ்’ ஒருமை, ‘ஈ’ பன்மை என்று வகுப்பில் உருப்போட்ட தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

இவ்வளவுக்கும் நாடகத்தைத் தட்டிக்கொண்டு போனது சிறு வேடம் ஒன்று. சீசரின் விதவை கல்பூர்னியாவாக வந்த சில்வியா லென்னிக், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதிப் பெண்ணின் உச்சரிப்பில், ‘போகாதே என்று எத்தனை முறை சொன்னேன்’ என்ற ஒரே புலம்பலை மாற்றி மாற்றிப் பாடுகிறார். ஷேக்ஸ்பியரின் கல்பூர்னியாவும் கெட்ட கனவு கண்டு கணவனைத் தடுப்பவள்தான். அந்தச் சோகக் காட்சி பக்கத்து வீட்டுப் பெண்ணின் அங்கலாய்ப்பாக மாறியதும், அவ்வரி மக்கள் வாயில் புழங்கத் தொடங்கியது.

1958 மே மாதம் அமெரிக்கத் தொலைக்காட்சியின் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் இரட்டையர் முதன்முதலாகத் தோன்றியபோது நடித்துக்காட்டியதும் இந்நாடகத்தையே. மொத்தம் அங்கே 67 முறை தோன்றினார்கள். வேறு எந்தக் குழுவும் அந்த மேடையில் அத்தனை முறை ஏறியதில்லை. அமெரிக்காவில் குடியேறும் வாய்ப்பிருந்தும் டொராண்டோவை விடவில்லை.

தொலைக்காட்சிப் பதிவில் டோகாவும் தூண்களும் கண்ணுக்குக் கிடைக்கின்றன. ஆனால் அவை சிரிப்பில் பெரிதாக எதையும் கூட்டவில்லை; கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் நாடகம் குறைவின்றி நடக்கும். வெய்ன் 1990-இலும் ஷஸ்டர் 2002-இலும் லென்னிக் 2009-இலும் காலமானார்கள். வட அமெரிக்கப் பள்ளி நாடகக் குழுக்கள் இதை விரும்பி மேடையேற்றி வந்திருக்கின்றன.