நடு என்ஜின் ஸ்போர்ட்ஸ் கார்களும் பழைய கார்ச் சந்தையும்

நடு என்ஜின் ஸ்போர்ட்ஸ் கார் என்பது ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னாலும் பின் அச்சுக்கு முன்னாலும் என்ஜின் பொருத்தப்பட்ட கார் ஆகும். இவற்றில் பெரும்பாலானவை இரண்டு பேர் மட்டும் அமரக்கூடியவை. பந்தயத் திடலில் வளர்ந்த இந்த அமைப்பு 1960களில் விலை உயர்ந்த சாலைக் கார்களுக்கும், 1970களில் நடுத்தர வருவாய் உள்ளவர்கள் வாங்கக்கூடிய கார்களுக்கும் வந்து சேர்ந்தது. புதிதாக விற்கப்பட்ட காலத்தில் எழாத பல சிக்கல்கள், இந்தக் கார்கள் விலை குறைந்து இரண்டாவது, மூன்றாவது உரிமையாளர்களிடம் சென்றபோதே வெளிப்பட்டன. எனவே இவற்றின் வரலாற்றில் ஒரு பகுதி தொழிற்சாலைகளிலும், மற்றொரு பகுதி பழைய கார்ச் சந்தையிலும் சிறு பழுதுபார்ப்புக் கூடங்களிலும் நிகழ்ந்தது.

அமைப்பும் அதன் விளைவும்

காரில் மிகவும் கனமான பாகம் என்ஜின். அது வண்டியின் நடுவில் இருக்கும்போது கார் திருப்பத்தில் விரைவாகத் திரும்புகிறது. இதைக் காவடித் தண்டைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். தண்டின் இரு முனைகளிலும் குடங்கள் தொங்கினால் அதைச் சுழற்றத் தொடங்குவதும் கடினம், நிறுத்துவதும் கடினம். குடங்களைத் தோளருகே நகர்த்திவிட்டால் சிறு அசைவுக்கே தண்டு திரும்பிவிடும்.

இதே இயல்பு ஆபத்தாகவும் மாறக்கூடும். நடு என்ஜின் கார் வழுக்கத் தொடங்கினால் மற்றக் கார்களைவிட வேகமாகச் சுழன்றுவிடும். திருப்பத்தின் நடுவே பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எடை முன்பக்கம் சாய்கிறது, பின் சக்கரங்கள் பிடிப்பை இழக்கின்றன. பழக்கமில்லாத ஓட்டுநருக்குத் திருத்திக்கொள்ள நேரம் கிடைப்பதில்லை. இருக்கைக்குப் பின்னால் என்ஜின் அடைத்துக்கொள்வதால் பழுது பார்க்க இடம் குறைவு என்பது மற்றொரு விளைவு.

பந்தயத் திடலிலிருந்து

1934 முதல் ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் நிறுவனம் ஃபெர்டினான்ட் போர்ஷே வடிவமைத்த 16 சிலிண்டர் நடு என்ஜின் கார்களைக் கிராண்ட் பிரீ பந்தயங்களில் இறக்கியது. அவை வெற்றி பெற்றாலும் ஓட்டுவதற்குக் கடினமானவை எனப் பெயர் பெற்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தின் கூப்பர் நிறுவனம் மோட்டார் சைக்கிள் என்ஜின்களைக் கொண்டு சிறிய பந்தயக் கார்களைச் செய்தது. சங்கிலி மூலம் பின் சக்கரங்களை இயக்க வேண்டியிருந்ததால் என்ஜினை ஓட்டுநருக்குப் பின்னால் வைப்பதே எளிதாக இருந்தது.

1958ஆம் ஆண்டு அர்ஜென்டினா கிராண்ட் பிரீயில் ஸ்டெர்லிங் மாஸ் கூப்பர் காரில் வென்றார். ஃபார்முலா ஒன் உலக சாம்பியன் போட்டியில் நடு என்ஜின் காரின் முதல் வெற்றி அது. 1959, 1960 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஜாக் பிராபம் கூப்பர் காரில் உலக சாம்பியன் ஆனார். 1961இல் ஃபெராரியும் நடு என்ஜினுக்கு மாறி ஃபில் ஹில் மூலம் பட்டம் வென்றது. 1965இல் ஜிம் கிளார்க் லோட்டஸ் காரில் இண்டியனாபொலிஸ் 500 பந்தயத்தை வென்றபின், முன் என்ஜின் பந்தயக் கார்களின் காலம் ஏறத்தாழ முடிந்தது.

சாலைக் கார்களில் பிரான்சின் ரெனே பொன்னே ஜெட் 1962இல் வந்தது. 1966இல் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமான லம்போர்கினி மியூரா, 12 சிலிண்டர் என்ஜினைக் குறுக்குவாட்டில் இருக்கைக்குப் பின்னால் கொண்டிருந்தது. ஆனால் அது செல்வந்தர்களின் வண்டி. நடு என்ஜின் கார் சாதாரண வருவாய் உள்ளவர்களை எட்டியது அதற்குப் பின்னரே.

போர்ஷே 914

ஃபோக்ஸ்வாகனும் போர்ஷேவும் சேர்ந்து உருவாக்கிய 914, 1969இல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. ஐரோப்பாவில் அது ஃபோக்ஸ்வாகன்–போர்ஷே என்ற பெயரிலும், அமெரிக்காவில் போர்ஷே என்ற பெயரிலும் விற்கப்பட்டது. அடிப்படை மாடலில் ஃபோக்ஸ்வாகனின் 1.7 லிட்டர், நான்கு சிலிண்டர் என்ஜின் இருந்தது. போர்ஷேவின் ஆறு சிலிண்டர் என்ஜின் கொண்ட 914/6 விலை அதிகமாக இருந்ததால் சுமார் 3,300 மட்டுமே தயாரிக்கப்பட்டன. 1976 வரை எல்லா மாடல்களும் சேர்ந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் வெளிவந்தன.

இது உண்மையான போர்ஷே அல்ல என்ற ஏளனத்தால் பழைய கார்ச் சந்தையில் 914 நீண்ட காலம் மலிவாகவே கிடைத்தது. ஆனால் அதன் உடலமைப்பில் ஒரு குறை இருந்தது. பேட்டரி என்ஜின் அறையின் வலப்புறத்தில் இருந்தது. மேலிருக்கும் கம்பி வலை வழியாக மழைநீர் இறங்கியது, பேட்டரியின் அமிலமும் கசிந்தது. இரண்டும் சேர்ந்து கீழே உள்ள அடிச்சட்டத்தையும் பின் சஸ்பென்ஷன் பொருத்தப்பட்ட இடத்தையும் அரித்தன. உரிமையாளர்கள் இந்த மூலைக்கு நரகக்குழி என்று பொருள்படும் பெயரை வைத்தனர். வெளியே பெயின்ட் பளபளக்கும் காரில்கூட இந்த இடம் உளுத்துப்போயிருக்கலாம். அதைச் சரிசெய்யும் செலவு பல காலம் காரின் விலையைவிட அதிகமாக இருந்ததால் எண்ணற்ற 914கள் உதிரி பாகங்களுக்காகப் பிரிக்கப்பட்டன.

ஃபியட் எக்ஸ்1/9

இத்தாலியின் ஃபியட் எக்ஸ்1/9, 1972இல் வெளிவந்தது. பெர்டோனே நிறுவனத்தில் மார்செல்லோ காந்தினி இதன் வடிவத்தை அமைத்தார். மியூராவை வடிவமைத்தவரும் அவரே. இந்தக் கார் ஒரு எளிய வழியைக் காட்டியது. ஃபியட் 128 என்ற குடும்பக் காரில் என்ஜினும் கியர்பாக்ஸும் ஒன்றாக முன்பக்கம் இருந்தன. அந்தத் தொகுதியை அப்படியே எடுத்து இருக்கைகளுக்குப் பின்னால் வைத்ததும் குறைந்த செலவில் நடு என்ஜின் கார் உருவானது. பின்னர் வந்த ஃபியரோ, எம்.ஆர்.2, எம்ஜிஎஃப் ஆகியவையும் இதே வழியைப் பின்பற்றின.

இதனால் பழைய கார் வாங்கியவர்களுக்கு ஒரு நன்மை கிடைத்தது. என்ஜின் பாகங்கள் குடும்பக் காரின் பாகங்கள் என்பதால் எளிதாகவும் மலிவாகவும் கிடைத்தன. உடலின் தகடுகளோ அந்தக் காருக்கே உரியவை. எனவே என்ஜின் நன்றாக ஓடும்போதே உடல் துருப்பிடித்து அழிந்த கார்கள் பல. எக்ஸ்1/9 தயாரிப்பு 1989இல் நின்றது.

பான்டியாக் ஃபியரோ

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் பான்டியாக் பிரிவு 1983இல் ஃபியரோவைத் தயாரிக்கத் தொடங்கியது. எரிபொருள் விலை உயர்ந்திருந்த காலத்தில், சிக்கனமான இரண்டு பேர் கார் என்று சொல்லித்தான் இதற்கு நிர்வாகத்தின் ஒப்புதல் பெறப்பட்டது. செலவைக் குறைக்க முன் சஸ்பென்ஷன் செவர்லே செவெட் என்ற சிறிய காரிலிருந்து எடுக்கப்பட்டது. இரும்புச் சட்டத்தின் மேல் பிளாஸ்டிக் தகடுகள் பொருத்தப்பட்டன. ஸ்போர்ட்ஸ் காரின் தோற்றத்தைப் பார்த்து மக்கள் திரளாக வாங்கினர். முதல் மாடல் ஆண்டிலேயே ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கார்கள் தயாரிக்கப்பட்டன.

பின்னர் 1984 மாடல் கார்கள் தீப்பற்றும் செய்திகள் வந்தன. எண்ணெய் குறைந்த நிலையில் ஓடிய என்ஜினில் இணைப்புத் தண்டு உடைந்து, சிதறிய எண்ணெய் சூடான புகைக் குழாயில் பட்டு எரிந்தது. நிறுவனம் கார்களைத் திரும்ப அழைத்துத் திருத்தியது. 1988 மாடலில் சஸ்பென்ஷன் புதிதாக வடிவமைக்கப்பட்டு, பொறியாளர்கள் முதலிலேயே விரும்பிய நிலையைக் கார் எட்டியது. அதே ஆண்டில் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. மொத்தம் 3,70,168 ஃபியரோக்கள் வெளிவந்திருந்தன.

பழைய கார்ச் சந்தையில் தீயின் நினைவு நீண்ட நாள் நிலைத்தது. விலை சரிந்ததால் பல ஃபியரோக்கள் பிளாஸ்டிக் தகடுகள் கழற்றப்பட்டு, ஃபெராரி போலத் தோற்றமளிக்கும் போலி வண்டிகளாக மாற்றப்பட்டன. இன்று மாற்றம் செய்யப்படாத 1988 மாடலே அதிகம் விரும்பப்படுகிறது.

டொயோட்டா எம்.ஆர்.2

1984இல் ஜப்பானில் வெளிவந்த எம்.ஆர்.2, அன்றாடம் நம்பி ஓட்டக்கூடிய நடு என்ஜின் கார் என்ற பெயரைப் பெற்றது. 1.6 லிட்டர் 16 வால்வு என்ஜின் கொரோலா வரிசையிலும் பயன்பட்டது. காரின் எடை சுமார் ஒரு டன். அந்த ஆண்டின் சிறந்த கார் என்ற ஜப்பானிய விருதையும் இது வென்றது. என்ஜின் நீண்ட காலம் உழைத்தது. ஆனால் ஈரப்பதம் மிகுந்த நாடுகளில் பின் சக்கர வளைவுகளிலும் கதவுக்குக் கீழுள்ள விளிம்புகளிலும் துரு பரவியது.

1989இல் வந்த இரண்டாம் தலைமுறையில் 2 லிட்டர் டர்போ என்ஜின் கிடைத்தது. தோற்றத்திலும் வேகத்திலும் அது மிக விலை உயர்ந்த கார்களை ஒத்திருந்தது. திருப்பத்தின் நடுவே காலை எடுத்தால் பின்பக்கம் திடீரெனச் சுழல்கிறது என்று பத்திரிகைகள் எழுதின. சில ஆண்டுகளில் டொயோட்டா பின் சஸ்பென்ஷனின் வடிவியலை மாற்றி, பின் டயர்களை அகலப்படுத்தியது. புதிய காரை வாங்கியவர் விற்பனையாளரின் பராமரிப்பில் சரியான டயர்களுடன் ஓட்டினார். பத்தாண்டுகளுக்குப் பின் குறைந்த விலையில் அதை வாங்கிய இளைஞரோ தேய்ந்த மலிவான டயர்களுடன், டர்போவின் அழுத்தத்தை உயர்த்தி ஓட்டினார். ஆகவே பழைய எம்.ஆர்.2 வாங்குவோர் முதலில் பார்ப்பது, விபத்தில் சிக்கிச் சரிசெய்யப்பட்டதா என்பதையே.

1999இல் வந்த மூன்றாம் தலைமுறை எடை குறைந்த திறந்த கார். இதன் 1.8 லிட்டர் என்ஜினில் வேறொரு சிக்கல் தோன்றியது. புகைக் குழாயின் தொடக்கத்தில் இருந்த சிறு வினையூக்கிகள் சிதைந்தால் அவற்றின் பீங்கான் துகள்கள் என்ஜினுக்குள் இழுக்கப்பட்டு, சிலிண்டர்களைத் தேய்த்தன. ஜப்பானில் 2007இல் எம்.ஆர்.2 வரிசை முடிவுக்கு வந்தது.

எலிஸ், எம்ஜிஎஃப், பாக்ஸ்டர்

1995, 1996 ஆகிய ஆண்டுகளில் மூன்று முக்கியமான கார்கள் வெளிவந்தன. பிரிட்டனின் எம்ஜிஎஃப், லோட்டஸ் எலிஸ் இரண்டிலும் ரோவரின் கே வரிசை என்ஜின் இருந்தது. எலிஸின் அலுமினிய அடிச்சட்டம் பசையால் ஒட்டப்பட்டது. எடை குறைவும் துருவின்மையும் அதன் பலம். சட்டம் அடிபட்டால் தட்டிச் சரிசெய்ய முடியாது என்பது அதன் பலவீனம். கே வரிசை என்ஜினில் ஹெட் கேஸ்கெட் பழுதாவது பரவலான குறை. ரேடியேட்டர் முன்னாலும் என்ஜின் பின்னாலும் இருப்பதால் கூலன்ட் நீண்ட குழாய்களில் ஓட வேண்டும். சிறிதளவு நீர் குறைந்தாலும், குழாயில் காற்று அடைத்துக்கொண்டாலும் என்ஜின் கொதித்துவிடும்.

போர்ஷே பாக்ஸ்டர் 1996இல் வந்து பெரும் விற்பனை கண்டது. விலை இறங்கியபின் போர்ஷே சொந்தமாக்கிக்கொள்ள எளிய வழியாக அது ஆனது. அதன் என்ஜினுக்குள் இருந்த இடைத்தண்டின் பேரிங், முன்னறிவிப்பின்றி உடைந்தால் முழு என்ஜினும் வீணாகும். எல்லாக் கார்களிலும் இது நிகழவில்லை என்றாலும், நிகழ்ந்தால் ஆகும் செலவு பழைய காரின் விலையை எட்டியது. அமெரிக்காவில் உரிமையாளர்கள் தொடுத்த கூட்டு வழக்கு 2013இல் சமரசத்தில் முடிந்தது. 2009 மாடலிலிருந்து இந்தத் தண்டு இல்லாத புதிய என்ஜின் வந்தது. கிளட்ச் மாற்றுவதற்காகக் கியர்பாக்ஸைக் கழற்றும்போதே பேரிங்கையும் மாற்றிவிடுவது பழைய பாக்ஸ்டர் உரிமையாளர்களிடையே வழக்கமாயிற்று.

வாங்கும் விலையும் வைத்திருக்கும் செலவும்

இந்த வரலாறுகளில் பொதுவாகத் தெரியும் உண்மை ஒன்று உண்டு. கார் பழையதாகும்போது அதன் விலை குறைகிறது, பழுது பார்க்கும் செலவு குறைவதில்லை. 1990களின் ஃபெராரி எஃப்355 காரில் டைமிங் பெல்ட் மாற்ற என்ஜினையே வெளியே இறக்க வேண்டும். அடுத்து வந்த 360 மாடலில் இருக்கைகளுக்குப் பின்னால் திறப்பு வைக்கப்பட்டதால் இந்த வேலை எளிதானது. அடுத்தடுத்த இரு மாடல்களுக்கிடையே இருந்த இந்த ஒரு வேறுபாடு, பழைய கார் வாங்குவோரின் கணக்கை மாற்றியது.

அனுபவமுள்ளவர்கள் பழைய நடு என்ஜின் காரை வாங்குமுன் சிலவற்றைக் கட்டாயம் சோதிக்கிறார்கள். காரைத் தூக்கி நிறுத்தி அடிச்சட்டத்தில் துருவும் ஒட்டுவேலையும் உள்ளனவா எனப் பார்க்கிறார்கள். முன்னிருந்து பின்செல்லும் கூலன்ட் குழாய்களையும் கியர் கேபிள்களையும் சோதிக்கிறார்கள். நான்கு டயர்களும் தயாரிப்பாளர் குறித்த அளவில் உள்ளனவா, பின் டயர்கள் சீராகத் தேய்ந்துள்ளனவா எனக் கவனிக்கிறார்கள். ஓடிய தூரம் குறைவு என்பதைவிடப் பராமரிப்பு ரசீதுகள் தொடர்ச்சியாக இருப்பதையே நம்புகிறார்கள். ஆண்டுக்கணக்கில் ஓடாமல் நின்ற காரில் ரப்பர் பாகங்கள் காய்ந்து வெடித்திருக்கும்.

இன்றைய நிலை

அமெரிக்காவில் 25 ஆண்டுகள் கடந்த வெளிநாட்டுக் கார்களுக்கு அந்நாட்டின் பாதுகாப்புத் தர விதிகளிலிருந்து விலக்கு உண்டு. இதனால் 1991இல் ஜப்பானில் வந்த ஹோண்டா பீட் போன்ற சிறிய நடு என்ஜின் கார்கள் 2016 முதல் அங்கு இறக்குமதியாகத் தொடங்கின. 1990இல் வந்த அலுமினிய உடல் கொண்ட ஹோண்டா என்எஸ்எக்ஸ் இன்று சேகரிப்பாளர்களின் காராகிவிட்டது. ஏளனம் செய்யப்பட்ட 914கூட மதிப்பு உயர்ந்து, அதன் துருப்பிடித்த மூலையைச் சரிசெய்யும் செலவுக்குத் தகுதி பெற்றுவிட்டது. 2019இல் செவர்லே தன் கொர்வெட் காரை முதன்முறையாக நடு என்ஜின் அமைப்புக்கு மாற்றி வெளியிட்டது.

இன்று ஓடிக்கொண்டிருக்கும் பழைய நடு என்ஜின் கார்களில் பல, யாரும் மதிக்காத காலத்தில் மலிவாக வாங்கி, அந்த விலைக்கு ஒவ்வாத செலவில் அவற்றைப் பராமரித்த உரிமையாளர்களாலேயே எஞ்சியுள்ளன. வாங்கிய விலையை மட்டும் கணக்கிட்டவர்களின் கார்கள் பெரும்பாலும் பழைய இரும்புக் கடையில் முடிந்தன.