அலை வந்தும் செய்தி வராதது ஏன்?

வைஃபை இணைப்பு அறுந்தால், அலை வலுவாக வருகிறதா என்றுதான் நாம் முதலில் பார்க்கிறோம். கோடுகள் நிறைந்திருந்தும் இணைப்பு கிடைக்காவிட்டால் திகைத்து நிற்கிறோம். அலை வந்து சேர்வது வேறு. செய்தி போய்ச் சேர்வது வேறு. இவ்வுண்மையைத் தெளிவாக விளக்கிக் காட்டிய வரலாறு ஒன்று நம் தேனி மாவட்டத்தில் உண்டு.

டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ஆம் ஆண்டு மதுரையில் நிறுவிய அரவிந்த் கண் மருத்துவமனையின் கிளை ஒன்று தேனியில் உள்ளது. அதனைச் சுற்றுப்புற ஊர்களின் பார்வை மையங்களோடு கம்பியின்றி இணைக்கும் பணி 2005-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கியது. அமெரிக்காவின் பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் புரூவர் குழுவினர் இதில் துணைநின்றனர். ஊரில் அமர்ந்திருக்கும் நோயாளியைத் தேனியிலுள்ள மருத்துவர் திரையில் கண்டு பேசவேண்டும் என்பதே நோக்கம். சாதாரண வைஃபைக் கருவிகளே பயன்பட்டன. கோபுரங்களிலும், கூரைகளிலும், ஓர் ஆலையின் புகைபோக்கியிலுங்கூட ஆண்டெனாக்கள் ஏறின. சில இணைப்புகளின் நீளம் 15 கிலோமீட்டரை எட்டியது.

அங்குதான் முதற் சிக்கல் எழுந்தது. 1997-இல் வெளிவந்த வைஃபை விதிமுறை, வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் ஏற்றதாக வகுக்கப்பட்டது. ஒவ்வொரு செய்தித் துண்டுக்கும் 'கிடைத்தது' என்ற ஒப்புகை வரவேண்டும். வராவிட்டால் அத்துண்டை மறுபடி அனுப்பவேண்டும். 1971-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆபிரம்சன் குழுவினர் இயக்கிய அலோஹா வலையிலும் இம்முறையே இருந்தது.

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுங்கள். மோகனூரிலிருந்து நாமக்கல் மலைக்கோட்டை நேர்கோட்டில் ஏறத்தாழ 18 கிலோமீட்டர். வானொலி அலை ஒரு மைக்ரோ நொடியில் 300 மீட்டர் செல்லும். ஆகவே போக 60, திரும்ப 60, மொத்தம் 120 மைக்ரோ நொடிகள். சாதாரணக் கருவியோ சில பத்து மைக்ரோ நொடிகள் மட்டுமே காத்திருக்கும்! செய்தி தொலைந்துவிட்டதென்று முடிவுகட்டி, பழைய துண்டையே மீண்டும் அனுப்பும். மறுமுனையின் பேச்சு வந்து சேருமுன் தானும் பேசத் தொடங்குவதால் இரண்டும் மோதும். அலையில் குறையில்லை; பொறுமையில்தான் குறை.

இதற்குக் கண்ட தீர்வு எளியது. இரு முனைகளுக்கும் முறைவைத்துப் பேசும் நேரம் ஒதுக்கப்பட்டது. பல துண்டுகளுக்குச் சேர்த்து ஒரே ஒப்புகை என்றாயிற்று. செய்தி செல்லும் வேகம் இதனால் 2 முதல் 5 மடங்கு பெருகியதென்று 2007-இல் குழுவினர் அறிவித்தனர்.

எனினும் தொல்லை தீரவில்லை. 2008-இல் வெளியிட்ட கட்டுரையில், பழுதுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் மின்சாரமே என்று அவர்கள் எழுதினர். மின்னழுத்தம் திடீரென உயர்ந்தால் கருவி எரியும். தாழ்ந்தாலோ, அது முற்றிலும் அணையாமலும் சரிவர இயங்காமலும் நடுவில் சிக்கி நிற்கும். சட்டென மின்சாரம் நின்றால் நினைவகத்தில் பதிந்தவை சிதையும். தொலைவில் இருப்பவருக்கு இவையெல்லாம் 'இணைப்பு இல்லை' என்ற ஒரே குறியாகத்தான் தெரியும்! ஆகவே மின்னழுத்தம் தாழ்ந்ததும் கருவியைத் துண்டித்துக் காக்கும் அமைப்பு சேர்க்கப்பட்டது. சூரிய மின்கலத்துடன் இயங்கும் கட்டுப்பாட்டுக் கருவியும் உருவாயிற்று. அத்துடன், பழுதின் இடத்தைக் கண்டறிய உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. மூன்றினுள் மிகவும் பயன் தருவது இப்பயிற்சியே என்பேன். கோபுரத்தடியில் எப்போதும் இருப்பவர் அவரல்லவா?

வாசகர்களே, உங்கள் வீட்டுக் கருவி மக்கர் செய்யும்போதும் இவ்வரிசையையே பின்பற்றுங்கள். முதலில் மின்சாரம், பிறகு கம்பிகளும் செருகிகளும், அதன்பின் அலை, கடைசியில் அமைப்பு விதிகள். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். வீட்டில் இணைப்பு அறுந்தால் நமக்குச் சிறிது எரிச்சல், அவ்வளவுதான். பார்வை மையத்தில் அறுந்தாலோ, கண் மங்கிய ஒரு முதியவர் மருத்துவரைக் காணாமலே வீடு திரும்ப நேரும்.