கிருன்வால்ட் ஓவியமும் போலந்துத் தேசிய மனோரதியமும்

போரோவியங்கள் கடந்த காலத்தைச் சித்திரிப்பனவாகத் தோன்றினும், அவை வரையப்பட்ட காலத்தின் தேவைகளுக்கே பெரிதும் விடையிறுக்கின்றன. யான் மத்தேய்க்கோ 1878 இல் நிறைவுசெய்த 'கிருன்வால்ட் போர்' என்னும் ஓவியத்தை இந்நோக்கில் நாம் ஆராயலாம்.

1410 இல் போலந்து, லித்துவேனியப் படைகள் தியூத்தோனிய வீரத்துறவிகளை முறியடித்தன. மத்தேய்க்கோ அச்சமரை வரைந்த வேளையிற் போலந்து என்றோர் அரசே இருக்கவில்லை. 1795 அளவில் ரஷ்யா, பிரஷ்யா, அவுஸ்திரியா ஆகிய மூன்றும் அதனை முற்றாகப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. 1863 ஆம் ஆண்டு ரஷ்யாவுக்கெதிராக மூண்ட கிளர்ச்சியும் நசுக்கப்பட்டது. பிரஷ்யப் பகுதியிலே பிஸ்மார்க்கின் ஆட்சி போலந்து மொழியைப் பாடசாலைகளினின்றும் அகற்றிவந்தது. ஓரளவு தன்னாட்சி பெற்றிருந்த அவுஸ்திரியப் பகுதியின் கிராக்கோவ் நகரிலேயே ஓவியர் வாழ்ந்தார். 1878 இல் அந்நகரசபை அவருக்குச் செங்கோலொன்றை வழங்கியமை, அரசனற்ற நாட்டிற் கலைஞனுக்கு அளிக்கப்பட்ட இடத்தை உணர்த்துகின்றது.

ஏறத்தாழ 10 மீற்றர் அகலமான இவ்வோவியத்தின் நடுவே லித்துவேனியக் கோமகன் வித்தோல்ட் செந்நிற உடையில் வாளுயர்த்தித் தோன்றுகின்றார். இடப்புறத்தே தியூத்தோனியத் தலைவர் உல்ரிக் பொன் யுங்கிங்கன் வீழ்கின்றார். அவரைத் தாக்குவோர் பிரபுக்களல்லர், சாதாரண காலாட்களே.

இவ்விடத்திலேயே தேசிய மனோரதியத்தின் இயல்பு புலனாகின்றது. 1846 இல் கலீசியக் குடியானவர்கள் தம் நிலப்பிரபுக்களுக்கெதிராகக் கிளர்ந்து நூற்றுக்கணக்கானோரைக் கொன்றனர். பிரபுக்கள் முன்னெடுத்த தேசிய எழுச்சியைத் தமதென அவர்கள் கருதவில்லை. வாழ்விற் பிளவுண்டிருந்த இவ்விரு வர்க்கங்களும் ஓவியத்திலே பொதுப்பகைவன் முன் ஒன்றாகின்றன. 1410 இல் உடன் போரிட்ட ருத்தேனியரும் தாத்தாரியரும் பின்னாளைய தேசிய நினைவிற் பின்தள்ளப்பட்டனர்.

எதிர்த்தரப்பும் இதே கடந்த காலத்தைப் பயன்படுத்தத் தவறவில்லை. 1914 இல் அப்பிரதேசத்தில் ரஷ்யரை வென்ற ஜேர்மானியர், அவ்வெற்றிக்குத் தன்னென்பேர்க் எனப் பெயரிட்டு, 1410 ஆம் ஆண்டுத் தோல்விக்குப் பழிதீர்த்ததாகக் கொண்டாடினர். 1939 இல் போலந்தைக் கைப்பற்றிய நாசிகள், இவ்வோவியத்தைக் காட்டிக்கொடுப்போருக்குப் பெருந்தொகை அறிவித்தனர். லுப்ளினில் மறைத்துவைக்கப்பட்டமையால் அது அழிவினின்றும் தப்பியது.

ஆகவே, இத்தகைய கலையை வெறும் பிரபுத்துவப் பிரசாரமென ஒதுக்குதல் பொருந்தாது. ஒடுக்கப்பட்ட மக்கள் தம்மை இழந்துவிடாதிருக்க அது உதவிற்று. அதே வேளை, நிலமற்றவனின் கேள்விக்கு அது விடை தரவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. இவ்விரண்டையும் ஒருசேர நோக்கும் ஆய்வே முழுமையானதாகும்.