மாடத்துப் பந்தும் மைதானத்துப் பந்தும்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் நீர்ப்பெயற்று என்றொரு துறைமுகப் பட்டினம் வருகிறது. அதுவே இன்றைய மாமல்லபுரம் என்று கொள்ளும் ஆய்வாளர்கள் உண்டு, மறுப்போரும் உண்டு. அப்பட்டினத்தின் உயர்ந்த மாடங்களில் பெண்கள் வரிப்பந்து ஆடிக் களைக்கிறார்கள்; பின்னர் மணலில் பொற்கழங்கு ஆடுகிறார்கள். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையோ பந்தடித்துப் பாடுவதற்கென்றே கந்துகவரியை வைத்திருக்கிறது. நம் இலக்கியத்தில் பந்து பெரும்பாலும் பெண்ணின் கைப்பொருள். ஆனால் அந்த ஆட்டத்தில் எதிரணி இல்லை, வெற்றி தோல்வி இல்லை. ஆடுபவளின் வளையோசையும் நடையும்தான் பாடப்படுகின்றன. அவள் எத்தனை முறை பந்தைத் தவறவிட்டாள் என்று எவரும் எண்ணவில்லை.

எண்ணத் தொடங்கிய காலத்தின் வரலாறு வேறு. 1921இல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், தன் உறுப்புக் கழகங்களின் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாதென்று தடை விதித்தது. அத்தடை ஏறக்குறைய அரை நூற்றாண்டு நீடித்தது. ஆசியப் பெண்கள் அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். பெண்களுக்கான முதல் உலகக் கோப்பை 1991இல் சீனாவில் நடந்தது; ஆசியக் கோப்பையோ 1975இலேயே ஹாங்காங்கில் தொடங்கிவிட்டது. அதே 1975இல் இந்தியாவில் பெண்கள் கால்பந்துக்கெனத் தனிக் கூட்டமைப்பு ஒன்று உருவாயிற்று.

1980 ஜனவரியில் ஆசியப் போட்டி கோழிக்கோட்டுக்கு வந்தது. இந்தியா வடக்கு, தெற்கு என இரண்டு அணிகளைக் களமிறக்கியது. தெற்கு அணி இறுதிவரை சென்று தைவானிடம் 2-0 எனத் தோற்றது. 1983இல் பாங்காக்கிலும் இந்தியாவுக்கு இரண்டாம் இடம். அவ்வாண்டு சாந்தி மல்லிக் அர்ஜுனா விருது பெற்றார். கால்பந்துக்காக அவ்விருதைப் பெற்ற முதல் பெண் அவரே. ஆசியாவின் உச்சிக்கு ஓரடி கீழே இரண்டு முறை நின்ற அணி அது. அந்த ஏற்றம் நிலைக்கவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெண்கள் ஆட்டம் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் பொறுப்புக்குள் வந்தது. வந்த பின்னும் அது வீட்டில் ஓரமாகக் கிடக்கும் பாயைப் போலத்தான் இருந்தது.

தெற்காசிய ஆடவர் கோப்பை 1993இல் லாகூரில் தொடங்கியது. பெண்களுக்கான தெற்காசியக் கோப்பைக்கு மேலும் பதினேழு ஆண்டுகள் ஆயின. 2010 டிசம்பரில் வங்கதேசத்துக் காக்ஸ் பஜாரில் நடந்த முதற்போட்டியில் இந்தியா நேபாளத்தை 1-0 என வென்றது. பின் கொழும்பு (2012), இஸ்லாமாபாத் (2014), சிலிகுரி (2016), பிராட்நகர் (2019) என ஐந்து கோப்பைகளும் இந்தியாவுக்கே வந்தன. மணிப்பூரின் பெம்பெம் தேவி தலைமுறை இட்ட அடித்தளம் அது.

இதில் சிலிகுரிப் போட்டி நமக்கு நெருக்கமானது. 2017 ஜனவரி 4 அன்று நடந்த இறுதியாட்டத்தில் இந்தியா வங்கதேசத்தை 3-1 என வென்றது. மூன்றாவது கோலை அடித்தவர் கடலூர்க்காரரான இந்துமதி கதிரேசன். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி சூறையாடிய கரை மாமல்லபுரத்தோடு முடியவில்லை. கடலூரும் நாகையும் அதன் நடுவில் இருந்தன. மாமல்லபுரத்தில் கடல் பின்வாங்கியபோது வெளிப்பட்ட பழங்கற்களைப் பற்றி நிறைய எழுதினோம். கடலூரில் பெற்றோரை இழந்த சிறுமிகள் உட்பட எளிய வீட்டுப் பெண்களைச் சேர்த்துப் பயிற்சியாளர் மாரியப்பன் பந்தாடக் கற்பித்ததைப் பற்றி அவ்வளவு எழுதவில்லை. அந்தக் களத்திலிருந்து இந்துமதியும் சந்தியா ரங்கநாதனும் இந்திய அணிக்குச் சென்றனர். 2018இல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என வீழ்த்தித் தமிழகம் முதன்முறையாகத் தேசியப் பட்டம் வென்றது. மறு ஆண்டே மதுரையின் சேது கழகம் இந்தியப் பெண்கள் லீக்கைக் கைப்பற்றியது.

ஆனால் அதே சிலிகுரியில், குழுச்சுற்றில், வங்கதேசம் இந்தியாவைக் கோலின்றிச் சமநிலையில் நிறுத்தியிருந்தது. அந்த ஆட்டத்தை நாம் கவனித்துப் படித்திருக்க வேண்டும். 2022 செப்டம்பரில் காத்மண்டுவில் அதே வங்கதேசம் இந்தியாவை 3-0 என வென்றது. அரையிறுதியில் நேபாளம் இந்தியாவை வெளியேற்ற, இறுதியில் சபீனா காதூன் தலைமையிலான வங்கதேசம் நேபாளத்தை 3-1 என வென்றது. டாக்கா வீதிகளில் திறந்த மாடிப் பேருந்தில் அவர்கள் ஊர்வலம் வந்தார்கள். 2024இல் மீண்டும் காத்மண்டு, மீண்டும் வங்கதேசம்.

அந்த அணியின் பல பெண்கள் மைமன்சிங் மாவட்டத்தில், மேகாலய எல்லையருகே உள்ள கொல்சிந்தூர் என்ற சிற்றூரிலிருந்து வந்தவர்கள். அங்கே தொடக்கப் பள்ளிச் சிறுமிகள் பள்ளிகளுக்கு இடையிலான போட்டிக்காக ஆடத் தொடங்கினர். அவர்களுடைய வெற்றிக்குப் பிறகே ஊருக்கு மின்சாரம் வந்தது. அக்கோப்பைக்குப் பின்னால் நின்றது பெரிய அரங்கமோ பெரும் பணமோ அன்று. ஒரு பள்ளி, ஒரு திடல், ஆண்டுதோறும் தவறாமல் நடந்த ஒரு போட்டி.

நம் பக்கம் பார்ப்போம். 2022 ஆகஸ்டில் மாமல்லபுரம் சதுரங்க ஒலிம்பியாடில் இந்தியப் பெண்கள் வெண்கலம் வென்றனர்; இந்தியப் பெண்கள் அணிக்கு அப்போட்டியில் அதுவே முதற்பதக்கம். அதே ஆகஸ்டில் நிர்வாகக் குழப்பத்துக்காக ஃபிஃபா இந்தியக் கால்பந்தை இடைநீக்கம் செய்தது. பதினொரு நாள்களில் தடை நீங்கிவிட்டது. எனினும் அதற்குள் ஆசியக் கழகப் போட்டிக்குத் தாஷ்கண்ட் சென்றிருந்த கோகுலம் கேரளப் பெண்கள் ஆடாமலே திரும்பினார்கள். தவறு அலுவலகத்தில், தண்டனை மைதானத்தில். மறு மாதம் காத்மண்டுத் தோல்வி.

பின்னர் 2025 ஜூலையில் தாய்லாந்தை 2-1 என வென்று, தகுதிச்சுற்றின் வழியே முதன்முறையாக ஆசியக் கோப்பைக்கு இந்தியா தேறியது. வங்கதேசமும் அதே சுற்றில் தேறியது. ஆகவே சோர்வுக்கு இடமில்லை, செருக்குக்கும் இடமில்லை.

செங்கல்பட்டு மாவட்டத்தின் மேலக்கோட்டையூரில் உடற்கல்விக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் நிற்கிறது. பயிற்றுநர்களை உருவாக்கும் நிலம் இது. ஆயினும் பந்தை உதைக்க விரும்பும் மீனவக் குப்பத்துச் சிறுமி, பயிற்றுநருக்கு முன்னால் தேடுவது ஆடுகளத்தை. பள்ளி விட்ட பின் மாலையில் திடலைப் பையன்கள் நிறைத்துவிட, ஓரத்தில் நிற்கும் அவளுக்கு எந்தக் கோப்பையின் கணக்கும் உதவாது. வாரத்தில் இரண்டு மாலைகளாவது அத்திடல் அவளுக்கென்று எழுதி வைக்கப்பட வேண்டும். மாடத்து மகளிரின் பந்துக்கு உருத்திரங்கண்ணனார் இடம் வைத்தார். குப்பத்து மகளின் பந்துக்கு இடம் வைக்க வேண்டியது ஊராட்சியும் பள்ளியும்.