பெட்டி மேல ஒரு பேர், சிப் மேல இன்னொரு பேர்

கோட்டூர்புரத்துல பறக்கும் ரயில் ஏறி சிந்தாதிரிப்பேட்டையில இறங்கினா, கொஞ்ச தூர நடையில ரிச்சி தெரு. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடு எல்லாத்துக்கும் சேர்த்து நாம வெச்சிருக்கிற பேர் அது. ஒரு காலத்துல ரேடியோ, டிவி உதிரிபாகம் வித்த இந்த இடத்துலதான் இன்னைக்கு நம்ம ஊர் பசங்க பாதிப் பேர் முதல் கேமிங் பிசிக்குச் சாமான் வாங்குறாங்க. அங்க போறவங்க என்கிட்ட வழக்கமா கேட்கிற கேள்வி ஒண்ணு உண்டு: கையில 15,000 ரூபாய் இருக்கு, கிராபிக்ஸ் கார்டு ஜோடாக் வாங்கலாமா, எம்எஸ்ஐயா, ஜிகாபைட்டா, அசுஸா?

இதுக்குப் பதில் தேடினா ஒரு வரலாறு கிடைக்குது. ஏன்னா இந்த நாலு பேருமே சிப் செய்யறவங்க இல்லை. என்விடியாகிட்டயோ ஏஎம்டிகிட்டயோ சிப் வாங்கி, பலகை, மின்விசிறி, பெட்டி சேர்த்து விக்கிறவங்க. சிப் ஒருத்தர், கார்டு இன்னொருத்தர்னு இந்தத் தொழில் பிரிஞ்சு நிக்குறதுக்குப் பின்னால ஒரு நிறுவனத்தோட மரணமே இருக்கு.

அந்த நிறுவனம் 3டிஎஃப்எக்ஸ். 1996-ல அவங்களோட வூடூ சிப் வந்தப்ப, வீட்டு கம்ப்யூட்டர்ல முப்பரிமாண விளையாட்டு எப்படி இருக்கும்கிறதையே அது மாத்திடுச்சு. வூடூ தனியா வேலை செய்யாது. சாதாரணப் படம் காட்ட ஏற்கெனவே ஒரு கார்டு இருக்கணும், அதோட இதை ஒரு கேபிள் போட்டு இணைக்கணும். ஆனாலும் அள்ளிட்டுப் போனாங்க. 3டிஎஃப்எக்ஸ் சிப்பை மட்டும் வித்தது. டயமண்ட், கிரியேட்டிவ் மாதிரி கம்பெனிகள் அதைக் கார்டாக்கி, தங்கள் பேர்ல கடைக்குக் கொண்டு போனாங்க.

1998 டிசம்பர்ல 3டிஎஃப்எக்ஸ் ஒரு முடிவு எடுத்தது. லாபத்தை ஏன் பங்கு போடணும், கார்டையும் நாமே செய்வோம்னு எஸ்டிபி என்கிற கார்டு கம்பெனியை வாங்குறதா அறிவிச்சது. அடுத்த வருஷம் வந்த வூடூ3, 3டிஎஃப்எக்ஸ் பேர்ல மட்டும் கடைக்கு வந்தது. நேத்து வரைக்கும் வாடிக்கையாளரா இருந்த கார்டு கம்பெனிகள் ஒரே நாள்ல போட்டியாளர் ஆயிட்டாங்க. அவங்களுக்கு வேற சிப் வேணும். 1993-ல ஆரம்பிச்ச என்விடியா டிஎன்டி2 சிப்போட தயாரா நின்னது. டயமண்டும் கிரியேட்டிவும் அந்தப் பக்கம் போனாங்க. இது மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது, 3டிஎஃப்எக்ஸோட அடுத்த சிப்புகளும் தாமதமாச்சு. ஆனா 2000 டிசம்பர்ல தன்னோட சொத்துகளை என்விடியாகிட்டயே விக்கிற நிலைமைக்கு வந்து, 2002-ல திவால் ஆச்சு.

இதுக்கு அப்புறம் அதிகாரம் மெதுவா சிப் செய்யறவங்க கைக்குப் போச்சு. போட்டிக்கு மிஞ்சினது கனடாவோட ஏடிஐ மட்டும்தான்னு சொல்லலாம். அதையும் 2006-ல ஏஎம்டி வாங்கிடுச்சு. அப்போ கார்டு கம்பெனிகள் பல, சிப் கொடுக்க ரெண்டே பேர்னு ஆச்சு. 2018-ல என்விடியா ஒரு கூட்டாளித் திட்டம் கொண்டு வந்தப்ப, அசுஸ் தன்னோட ஏஎம்டி கார்டுகளுக்கு ஏரெஸ்னு தனிப் பேரே அறிவிச்சது. எதிர்ப்பு கிளம்பி, அந்த மே மாசமே திட்டம் கைவிடப்பட்டது. 2022 செப்டம்பர்ல, வாரண்டி சேவைக்குப் பேர் வாங்கின அமெரிக்காவோட ஈவிஜிஏ, இனி கிராபிக்ஸ் கார்டே செய்ய மாட்டோம்னு சொல்லிட்டு வெளியே போச்சு. ரசிகர்கள் கொண்டாடின பிராண்டு அது. அதுவே இப்படின்னா, பெட்டி மேல இருக்கிற பேருக்கு எவ்வளவு பலம்னு யோசிங்க.

அப்போ பட்ஜெட் வாங்குறவங்க எதைப் பார்க்கணும்? பிராண்டுக்கு முன்னாடி, மாடல் பேருக்குப் பின்னாடி வர்ற சின்ன எழுத்துகளை. 2017-ல வந்த ஜிடி 1030-ல இருந்தது ஜிடிடிஆர்5 மெமரி. விநாடிக்கு 48 ஜிகாபைட் தரவு போகும். 2018-ல அதே பேர்ல டிடிஆர்4 மெமரியோட ஒண்ணு வந்தது. அதுல 16.8 ஜிகாபைட் மட்டும்தான், அதாவது மூணுல ஒரு பங்கு. ஆர்டிஎக்ஸ் 3050-லயும் இதே கதை: 2022-ல வந்த 8 ஜிபி கார்டுல 2560 கோர், 2024-ல வந்த 6 ஜிபி கார்டுல 2304. மெமரி பாதையும் 128 பிட்ல இருந்து 96 ஆயிடுச்சு. ஆனா இந்த 6 ஜிபி கார்டு 70 வாட்ல ஓடும், பெரும்பாலும் தனி பவர் கேபிள் கேட்காது. பழைய பவர் சப்ளை வெச்சிருக்கிறவங்களுக்கு அது உதவியும்கூட. தெரிஞ்சு வாங்கினா சரி. எட்டுன்னு நினைச்சு ஆறை வாங்கினாத்தான் நஷ்டம்.

சிப்பும் மெமரியும் ஒண்ணா இருந்தா, அப்புறம் பிராண்டைப் பாருங்க. அவங்க சேர்க்கிறது மூணு விஷயம்: குளிர்விக்கிற அமைப்பு, சத்தம், வாரண்டி. அக்னி நட்சத்திரத்துல ஏசி இல்லாத அறையில ரெண்டு மணி நேரம் விளையாடும்போது நல்ல ஹீட்சிங்க் இருக்கிற கார்டு அமைதியா ஓடும். ஆனா நூறு, இருநூறு ரூபாய் வித்தியாசத்துக்கு அது சரி. அதே சிப்புக்கு மூவாயிரம் கூடக் கேட்டா, அந்தப் பணத்துல ஒரு படி மேல இருக்கிற சிப் கிடைக்குமான்னு முதல்ல பாருங்க.

வாரண்டிக்குக் கடையில கேட்க வேண்டியது ரெண்டு. சர்வீஸ் சென்னையிலேயே இருக்கா? வாரண்டி சீரியல் நம்பர் மேலயா, பில் மேலயா? "பில் இல்லாம வாங்கிக்கோ, 18 சதவீதம் ஜிஎஸ்டி மிச்சம்"னு யாராவது சொன்னா சபலம் தட்டும். எட்டாவது மாசம் திரை கருப்பாகி நிக்கும்போது உங்க கையில இருக்க வேண்டியது அந்தத் தாள்தான்.

3டிஎஃப்எக்ஸ் போயிடுச்சு, ஈவிஜிஏ கிராபிக்ஸ் கார்டை விட்டுடுச்சு, ஏடிஐங்கிற பேரையே 2010-ல ஏஎம்டி கைவிட்டுடுச்சு. இந்தத் தொழில்ல பேர்கள் நிக்கிறதில்லை. அதனால எந்தப் பேருக்கும் ரசிகர் மன்றம் வைக்காதீங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.