கூடங்குளமும் முப்பந்தலும்

ராதாபுரத்திலிருந்து கடலை நோக்கிப் போகிறவர்களுக்கு முதலில் தெரிவது காற்றாலைகள். அவற்றின் இடுக்கில்தான் கூடங்குளம் அணுவுலைகளின் குவிமாடங்கள் தலைகாட்டும். அங்கிருந்து வடமேற்கே நேர்க்கோட்டில் அளந்தால் சுமார் 20 கிலோமீட்டரில் முப்பந்தல். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்றை நம்பி ஆயிரக்கணக்கான காற்றாலைகள் எழுந்த பகுதி அது. லாரிக்காரர்கள் இசக்கியம்மன் கோயிலில் வண்டியை நிறுத்திக் காசு போட்டுவிட்டுத்தான் தாண்டுவார்கள்.

காலநிலை மாற்றத்தைப் பற்றிய எந்த வாக்குவாதமும் கடைசியில் இந்த இரண்டில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்கிறது. அணுவுலையை எதிர்ப்பவர் காற்றாலையைக் காட்டுகிறார். காற்றாலையை நம்பாதவர் அணுவுலையைக் காட்டுகிறார். தமிழ்நாட்டின் தென்கோடியில் இரண்டுமே பத்தாண்டுக்கு மேல் பக்கத்துப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஊகத்தை விட்டுவிட்டு நடந்ததை வைத்தே பேச வசதியான இடம்.

கரியிலிருந்து தொடங்கலாம். அது சீக்கிரம் முடிந்துவிடும். பன்னாட்டுக் காலநிலை மாற்றக் குழு 2014 அறிக்கையில், சுரங்கம், கட்டுமானம், ஓட்டம், கழிவு எல்லாவற்றையும் சேர்த்து ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை கிராம் கரியமில வாயு என்று கணக்கிட்டது. நிலக்கரிக்கு நடுத்தர மதிப்பு 820. அணுவுக்கு 12. நிலத்தில் நிற்கும் காற்றாலைக்கு 11. ஆக, புவி வெப்பமாதலை மட்டும் சாட்சிக்கு அழைத்தால் வழக்கு சமனில் முடிகிறது. பருவநிலைக்காக அணுவுலைதான் வேண்டும் என்றோ, காற்றாலைதான் வேண்டும் என்றோ ஒருவர் அடித்துப் பேசினால், அவருடைய உண்மையான காரணம் வேறு எங்கோ இருக்கிறது. அதைத்தான் அவர் பேசியிருக்க வேண்டும்.

அந்த வேறு காரணங்களில் முதலாவது காலம். ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கூடங்குளத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 1988 நவம்பரில். சோவியத் ஒன்றியம் கலைந்தது. 1998-ல் ரஷ்யாவோடு ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. 2002-ல் கட்டுமானம் தொடங்கியது. முதல் உலையின் மின்சாரம் கிரிட்டில் சேர்ந்தது 2013 அக்டோபரில். கையெழுத்துக்கும் மின்சாரத்துக்கும் இடையே 25 ஆண்டுகள். போராட்டத்தால்தான் தாமதம் என்று சொல்கிறவர்கள் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். பெரும் போராட்டம் வெடித்தது 2011-ல். அதற்குள் 23 ஆண்டுகள் போயிருந்தன. 13,171 கோடி ரூபாய் என்று போட்ட மதிப்பீடு கடைசியில் 22,462 கோடிக்கு ஏறியது.

காற்றாலையின் கதை கிட்டத்தட்ட அதே நேரத்தில்தான் தொடங்குகிறது. 1986-ல் தூத்துக்குடி அருகே சில சிறு இயந்திரங்களை நிறுத்திப் பார்த்தார்கள். பிறகு டென்மார்க் உதவியோடு முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் மாதிரிப் பண்ணைகள் வந்தன. தொண்ணூறுகளில் கோவை, திருப்பூர், ராஜபாளையத்து மில்காரர்கள் இறங்கினார்கள். கூடங்குளத்தின் முதல் உலை வந்த 2013-ல் தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 7,000 மெகாவாட்டைத் தாண்டியிருந்தது.

இந்த எண்ணைச் சொன்னதும் காற்றாலைக் கட்சி கைதட்டும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். மெகாவாட் என்பது திறன். அந்தத் திறன் ஆண்டின் 8,760 மணி நேரத்தில் எத்தனை மணி வேலை செய்கிறது என்பதுதான் விளைச்சல். காற்றாலை ஆண்டு முழுவதையும் சராசரியாக்கினால் திறனில் ஐந்தில் ஒரு பங்கோ, நல்ல இயந்திரமானால் நான்கில் ஒரு பங்கோ தருகிறது. ஐந்தில் ஒன்று என்று வைத்தால் 7,000 மெகாவாட் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,226 கோடி யூனிட் தரும். கூடங்குளத்தின் இரண்டு உலைகளும் சேர்ந்து 2,000 மெகாவாட். 80 விழுக்காடு ஓடினால் ஏறத்தாழ 1,400 கோடி யூனிட். 2,000 மெகாவாட் அணுவும் 7,000 மெகாவாட் காற்றும் ஏறக்குறைய ஒரே எடை. மெகாவாட்டுக்கு மெகாவாட் ஒப்பிட்டு ‘காற்று ஜெயித்துவிட்டது’ என்பதும், ஒரு டிசம்பர் மாதத்து அசையாத இறக்கையைப் படம் பிடித்துப் போட்டு ‘காற்று தோற்றுவிட்டது’ என்பதும் ஒரே தவறின் இரு முகங்கள்.

ஆனால் ஆண்டுக் கூட்டலும் முழு உண்மையைச் சொல்லாது. எந்த மாதத்தில், எந்த மணியில் வருகிறது என்பதில்தான் இரண்டும் அடியோடு பிரிகின்றன. முப்பந்தலுக்கு மே முதல் செப்டம்பர் வரை சீசன். மாநிலத்தின் காற்று மின்சாரம் 5,000 மெகாவாட்டைத் தாண்டிய நாட்கள் உண்டு. வடகிழக்குப் பருவம் வந்து ஓய்ந்த பிறகு சில நூறு மெகாவாட்டுக்கும் கீழே அது படுத்துக்கொள்ளும். அணுவுலைக்குப் பருவம் கிடையாது; எரிபொருளை மாற்றிவிட்டால் ஒன்றரை ஆண்டு வரை ஓடும். அது சீராக ஓடும் என்பதற்கும் ஒரு திருத்தம் தேவை. நிற்கும்போது 1,000 மெகாவாட்டும் ஒரு நொடியில் போய்விடும். கூடங்குளத்தின் முதல் உலை தொடக்க ஆண்டுகளில் அடிக்கடி நின்றது. 2015 நடுவில் எரிபொருள் மாற்ற நிறுத்தியது 2016 தொடக்கத்தில்தான் மறுபடி ஓடியது. காற்று குறைவதை முன்கூட்டியே ஓரளவு கணிக்கலாம். உலை ‘டிரிப்’ ஆவதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

இங்கே பலரும் பேசாத ஒன்று இருக்கிறது. அணு, காற்று இரண்டுமே தேவைக்கு ஏற்ப வளைந்து கொடுக்காதவை. மாலை ஏழு மணிக்கு ஊர் முழுக்க விளக்கு போட்டால் காற்று கூடுதலாக அடிக்காது. நள்ளிரவில் ஊர் தூங்கினால் அணுவுலையை நம் நாட்டில் இறக்கி ஓட்டுவதும் இல்லை. இரண்டுமே ‘நான் தருவதை எடுத்துக்கொள்’ என்கின்றன. அப்போது குனிந்து நிமிர்வது யார்? அனல்மின் நிலையம்தான். அணுவும் காற்றும் ஒன்றுக்கொன்று போட்டி என்று நாம் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது, இரண்டுக்கும் பொதுவான துணையாக நிலக்கரி நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறது. அந்த இடத்தை எடுத்துக்கொள்ளக்கூடியது சேமிப்பு. கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் மிச்ச மின்சாரத்தில் நீரை மேலேற்றி வைத்துத் தேவையின்போது இறக்கும் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் 1980-களிலிருந்தே இருக்கிறது. நீலகிரியில் குந்தா நீரேற்றுத் திட்டம் 500 மெகாவாட். கூடங்குளத்தைப் பற்றிப் பேசியதில் பத்தில் ஒரு பங்கு குந்தாவைப் பற்றி நாம் பேசியிருப்போமா?

2012-ஐ நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது வெறும் தொழில்நுட்பம் இல்லை. சென்னைக்கு வெளியே அன்றாடம் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்த ஆண்டு அது. ‘உலையைத் திறந்தால் கரண்ட் வரும்’ என்ற பேச்சு டீக்கடைவரை போயிற்று. உலையை எதிர்த்துப் போராடிய இடிந்தகரை மீனவ மக்களுக்கு எதிராக ஊர்களின் கோபம் திருப்பப்பட்டது. அதே காலத்தில், காற்று நன்றாக அடித்த மாதங்களில் காற்றாலைகளை நிறுத்தி வைக்கச் சொன்ன நாட்களும் இருந்தன. மின்சாரத்தைக் கொண்டுபோகத் தேவையான தடம் தெற்கில் இல்லை. மிச்சத்தை வடக்கே விற்கலாம் என்றாலோ, தென்னிந்திய கிரிட் நாட்டின் மற்ற கிரிட்டோடு முழுமையாக ஒத்திசைந்து இணைந்ததே 2013 டிசம்பர் 31-ல்தான். ராய்கரிலிருந்து புகளூருக்கு 6,000 மெகாவாட் தாங்கும் 800 கிலோவோல்ட் நேர்மின் தடம் அதற்கும் பல ஆண்டுகள் கழித்து வந்தது. இருட்டில் உட்கார்ந்திருந்த மாநிலத்துக்கு அணுவுலை இல்லாததைவிடக் கம்பி இல்லாதது பெரிய குறை. கம்பிக்காக யாரும் உண்ணாவிரதம் இருக்கவில்லை. கம்பிக்காகத் தொலைக்காட்சியில் யாரும் மேசையைத் தட்டவில்லை.

ஆபத்து என்ற தலைப்பில் ஒப்பீடே வேண்டியதில்லை. காற்றாலையின் இறக்கை உடைந்தால் கீழே இருக்கும் வயல் கெடும். அணுவுலைக்கு நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா காட்டியது. 2004 சுனாமியைக் கண்ணால் பார்த்த கடற்கரையில் அந்தச் செய்தி எப்படி இறங்கியிருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் யோசிக்கவில்லை. இடிந்தகரை லூர்து மாதா ஆலயத்தின் முன் பந்தல் போட்டு மாதக்கணக்கில் மக்கள் உட்கார்ந்தார்கள். மாநில அமைச்சரவை 2011 செப்டம்பரில் ‘அச்சம் தீரும்வரை பணியை நிறுத்துங்கள்’ என்று தீர்மானம் போட்டது. நவம்பரில் அப்துல் கலாம் வந்து உலை பாதுகாப்பானது என்றார். 2012 பிப்ரவரியில் பிரதமர் மன்மோகன் சிங் ஓர் அறிவியல் இதழுக்கு அளித்த பேட்டியில் போராட்டத்துக்குப் பின்னால் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் இருப்பதாகச் சொன்னார். மார்ச்சில் மாநில அரசு மனம் மாறியது. கூடவே 500 கோடி ரூபாய்க்கு வளர்ச்சித் திட்டமும் வந்தது. ஆயிரக்கணக்கானவர்கள்மீது தேசத் துரோக வழக்குகள். 2013 மே 6-ல் உச்ச நீதிமன்றம் உலை இயங்க அனுமதித்தது, நிபந்தனைகளும் போட்டது. எரிந்த எரிபொருளைத் தனியே வைக்கும் கிடங்குக்கு ஐந்து ஆண்டு கெடு அவற்றில் ஒன்று. அந்தக் கெடு பின்னர் நீட்டப்பட்டது.

பொறியாளர்களின் வாதத்தை நான் ஒதுக்கவில்லை. கூடங்குளத்து உலைகள் ஃபுகுஷிமா உலைகளைவிடப் பிந்திய வடிவம். மின்சாரம் இல்லாமலே வெப்பத்தை வெளியேற்றும் ஏற்பாடு அவற்றில் உண்டு. ஆனால் அச்சத்துக்குப் பதிலாக அவர்கள் கொடுத்தது சான்றிதழ். மக்கள் கேட்டது கணக்கு: விபத்து நடந்தால் எத்தனை ஊரை, எத்தனை மணியில், எந்தச் சாலை வழியாக வெளியேற்றுவீர்கள்? இழப்பீட்டை யார் தருவார்? 2010-ல் நாடாளுமன்றம் இயற்றிய அணு இழப்பீட்டுச் சட்டம் உலையை நடத்துபவரின் பொறுப்பை 1,500 கோடியோடு நிறுத்தியது. ‘முழுக்கப் பாதுகாப்பானது’ என்று சொல்லும் வாயும், பொறுப்புக்கு உச்சவரம்பு போடும் கையும் ஒரே அரசினுடையவை. மீனவர்கள் இதைக் கவனித்தார்கள்.

முப்பந்தலைப் பற்றி இப்படி எந்த வழக்கும் பெரிதாக எழவில்லை. அது குற்றமற்றது என்பதால் அல்ல. கூடங்குளத்துக்கு ஒரே முகவரி. கேள்வி கேட்க ஆள் தெரியும். காற்றாலைகளுக்கு நூற்றுக்கணக்கான உரிமையாளர்கள், பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். ஏற்கெனவே நிலம் கைமாறிவிட்ட பிறகு யாரிடம் போய்க் கேட்பது? நிலத்தை விற்றவருக்கு ஒரு முறை பணம் வந்தது, அதோடு சரி. மேலே வீசும் காற்றில் அவருக்குப் பங்கில்லை. ஆரல்வாய்மொழியில் விளையும் மின்சாரம் திருப்பூரில் இருக்கும் மில்லின் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. கூடங்குளத்தின் முதல் உலையிலும் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கியது பாதிக்குச் சற்றே கூடுதல். மீதி கர்நாடகம், கேரளம், புதுச்சேரி என்று போகிறது. இடம் கொடுத்த ஊருக்கு இரண்டிலும் தனி உரிமை இல்லை.

காற்றாலையின் இன்னொரு பழைய கணக்கும் பேசப்பட வேண்டும். தொண்ணூறுகளில் முதலீடு முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் காட்டி வருமான வரியைக் குறைக்கலாம் என்ற சலுகை இருந்தது. இயந்திரம் எவ்வளவு ஓடுகிறது என்பதைவிட எந்தத் தேதிக்குள் நிறுவப்படுகிறது என்பது பலருக்கு முக்கியமாயிற்று. விளைவு, நாட்டின் மிகச் சிறந்த காற்று வீசும் இடங்களை 225, 250 கிலோவாட் கொண்ட குட்டை இயந்திரங்கள் பிடித்துக்கொண்டன. இன்று ஒற்றை இயந்திரமே 2, 3 மெகாவாட். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க மாநில அரசு கொள்கை வெளியிட்டது 2024-ல். முப்பந்தலின் உண்மையான ஊழல் இதுதான் என்பேன்: ஊழல் என்றால் லஞ்சம் இல்லை, வீணடித்தல்.

அடுத்த வாக்குவாதம் கடலில் வரப்போகிறது. குஜராத் கடலிலும் தமிழ்நாட்டுக் கடலிலும் தலா 500 மெகாவாட் காற்றாலைகளுக்கு 7,453 கோடி ரூபாய் உதவித் திட்டத்தை ஒன்றிய அமைச்சரவை 2024 ஜூனில் ஏற்றது. காற்றாலை முதல் முறையாக மீனவரின் தொழிற்களத்துக்குள் இறங்குகிறது. வலை போடும் இடம் எவ்வளவு சுருங்கும், கேபிள் எங்கே கரையேறும், இழப்பீடு யாருக்கு என்ற கேள்விகள் இடிந்தகரையில் எழுந்தவைபோலவே எழும். அவற்றைக் கேட்கும் மீனவர்களையும் வெளிநாட்டுக் கைக்கூலி என்று யாராவது சொன்னால் வியக்க மாட்டேன்.

கூடங்குளத்தில் இன்னும் நான்கு உலைகள் கட்டப்படுகின்றன. அவற்றை நிறுத்தும் காலம் கடந்துவிட்டது. ஓடும் இரண்டையும் மூடச் சொல்வதும் இன்றைய நிலையில் நிலக்கரிக்கு வழிவிடுவதில்தான் முடியும். ஆனால் அதற்குப் பிறகும் ஓர் உலையா, அல்லது அதே பணத்தில் தடமும் நீரேற்றுச் சேமிப்பும் முப்பந்தலில் புது இயந்திரங்களுமா என்று கேட்டால் என் வாக்கு இரண்டாவதற்கே. காரணம் கரி இல்லை, அதில் இரண்டும் சமம். காற்றாலையைத் தவறான இடத்தில் வைத்துவிட்டால் கழற்றி வேறிடத்தில் வைக்கலாம்; தடம் போட ஐந்து ஆண்டு போதும்; தவறினாலும் ஓர் ஊரைக் காலி செய்ய வேண்டியதில்லை. அடுத்த முறை யாராவது இந்த இரண்டில் ஒன்றைப் போற்றியோ தூற்றியோ செய்தியைப் பகிர்ந்தால், அதில் இருப்பது மெகாவாட்டா, யூனிட்டா, எந்த மாதத்து யூனிட் என்று கேளுங்கள்.