மாத்தளையில் தொடங்கி களுத்துறையில் கற்ற பாடம்

எங்கள் எல்கடுவப் பக்கத்தில் உயர்தரம் உயிரியல் படிக்கும் பிள்ளைகளிடம் என்னவாகப் போகிறீர்கள் என்று கேட்டால், அநேகமாக எல்லோரும் "டாக்டர்" என்றுதான் சொல்வார்கள். இசட் புள்ளி போதாமல் ஒரு பிள்ளை தாதியர் பயிற்சிக்கோ, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பயிற்சிக்கோ போனால், வீட்டார் அதைக் கொஞ்சம் குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறார்கள். டாக்டர் மேலே, மற்றவர்கள் எல்லாம் கீழே என்ற எண்ணம் நமக்குள் அவ்வளவு ஊறிப்போய்விட்டது.

இந்த எண்ணம் எவ்வளவு பிழை என்பதை நம் நாடு நூறு வருஷத்துக்கு முன்பே கற்றுக்கொண்டது. அந்தப் பாடத்தின் முதல் பகுதி நடந்ததோ நமது மாத்தளை மாவட்டத்துத் தோட்டங்களில். பதிவு நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

1916ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனத்தின் சர்வதேச சுகாதாரப் பிரிவு இலங்கைக்கு வந்து, கொக்கிப்புழு ஒழிப்பு வேலையை மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் தொடங்கியது. அப்போது தோட்டத்து மக்களை உருக்குலைத்துக்கொண்டிருந்த நோய் அது. இந்தப் புழுவின் முட்டை மனித மலத்தோடு மண்ணில் விழும். ஈரமும் சூடும் உள்ள மண்ணில் பொரித்துக் குஞ்சுப்புழுவாகும். வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து இரத்தத்தில் கலந்து, நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலில் போய் ஒட்டிக்கொள்ளும். அங்கே இருந்து இரத்தத்தை உறிஞ்சும். கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குக் காலில் செருப்பில்லை, லயத்துக்கு மலசலகூடமும் இல்லை. அந்தப் புழுவுக்கு இதைவிட வசதி எங்கே கிடைக்கும்?

வந்தவர்கள் கெட்டிக்காரர்கள். ஆட்களைப் பரிசோதித்தார்கள், செனபோடியம் எண்ணெய் என்ற மருந்தைக் கொடுத்தார்கள், பேதிக்கும் கொடுத்தார்கள். புழு விழுந்தது. ஆனால் சிகிச்சை முடிந்தவர் மறுநாள் அதே மண்ணில் அதே வெறுங்காலோடுதானே இறங்கினார்? மலசலகூடம் கட்டுங்கள் என்றால் தோட்டத்துரைமார் செலவுக் கணக்குப் பார்த்தார்கள். அதனால் குணமானவர்களுக்கே திரும்பவும் புழு தொற்றியது. மருந்தில் குறை இல்லை. ஆனால் மருந்து மட்டும் தனியாகப் போயிருந்தது. மண்ணைப் பார்க்க ஓர் ஆள், வீட்டைப் பார்க்க ஓர் ஆள், கர்ப்பிணியைப் பார்க்க ஓர் ஆள் அதோடு கூடப் போகவில்லை.

இந்த அனுபவத்துக்குப் பிறகுதான் சிந்தனை மாறியது. ராக்பெல்லர் நிறுவனத்தின் சார்பில் இங்கே வேலை செய்த டபிள்யூ. பி. ஜேக்காக்ஸ் போன்றவர்கள், ஒரு நோயை மட்டும் துரத்துவதை விட்டுவிட்டு, ஒரு பிரதேசத்தின் முழுச் சுகாதாரத்தையும் ஒரு குழுவின் கையில் கொடுக்க வேண்டும் என்றார்கள். அப்படி 1926இல் களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு பிறந்தது. ஆசியாவிலேயே முதலாவது என்றும் சொல்வார்கள்.

அங்கே என்ன புதுமை? சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரத் தாதி, சுகாதாரப் பரிசோதகர், மருத்துவமாது ஆகிய எல்லோரும் ஒரே எல்லைக்குள், ஒரே மக்களுக்குப் பொறுப்பாக இருந்தார்கள். கர்ப்பிணித் தாய் எந்த வீட்டில் இருக்கிறாள் என்பது மருத்துவமாதுக்குத் தெரியும். அந்த வீட்டுக் கிணறு எப்படி, மலசலகூடம் உண்டா என்பது பரிசோதகருக்குத் தெரியும். பாடசாலைப் பிள்ளைகளின் உடல்நிலை தாதிக்குத் தெரியும். இந்த மூன்றும் ஒரு மேசையில் சேர்ந்தால்தான் அந்தத் தாய் ஏன் இரத்தம் குறைந்து போயிருக்கிறாள் என்பது வைத்தியருக்கு முழுதாக விளங்கும்.

இன்னொரு விஷயம். களுத்துறை வெறும் சேவை நிலையமாக மட்டும் இருக்கவில்லை, பயிற்சிக் களமாகவும் ஆனது. வைத்தியர்கள், தாதிகள், பரிசோதகர்கள், மருத்துவமாதுகள் எல்லோரும் ஒரே களத்தில் வேலை பழகினார்கள். அதுதான் இன்றைய தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவகத்தின் வேர். நம் ஊருக்கு வரும் பி.எச்.ஐ. மாத்தயாவின் பயிற்சியிலும் அந்த நிறுவகத்துக்குப் பங்கு உண்டு.

பலனைப் பாருங்கள். 1930களில் இந்த நாட்டில் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 2000க்கும் அதிகமான தாய்மார் இறந்தார்கள். இன்று அது 30 அளவில் நிற்கிறது. இதற்குக் காரணங்கள் பல: மலேரியாக் கட்டுப்பாடு, பெண் கல்வி, இலவச ஆஸ்பத்திரி, புதிய மருந்துகள். ஆனால் வீடு வீடாக நடந்துபோன மருத்துவமாதும், அவருக்குப் பின்னால் நின்ற தாதியும் வைத்தியரும் இல்லாமல் அந்த எண்ணிக்கை இறங்கியிருக்காது.

உலகம் இதற்குப் பெயர் வைத்தது பிறகுதான். 1978இல் அல்மா அட்டா மாநாடு ஆரம்பச் சுகாதாரப் பராமரிப்பைப் பேசியது. ஆரோக்கியத்துக்காகச் சேர்ந்து வேலை செய்ய வேண்டுமானால் சேர்ந்து கற்க வேண்டும் என்று 1988இல் உலக சுகாதார நிறுவனம் ஓர் அறிக்கையே வெளியிட்டது. 2010இல் அதற்கு ஒரு செயற்பாட்டுச் சட்டகமும் வந்தது. அதன் சாரம் இதுதான்: வெவ்வேறு தொழிலைச் சேர்ந்தவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரோடு ஒருவர் கற்க வேண்டும். ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து ஒரே விரிவுரையைக் கேட்டால் மட்டும் போதாது. மருத்துவ மாணவன் தாதிய மாணவியிடமிருந்து ஏதாவது கற்றுக்கொண்டானா என்பதுதான் கேள்வி. பேராதனையில் மருத்துவ பீடமும், தாதியியலும் மருந்தாளரியலும் இயன்மருத்துவமும் கற்பிக்கும் இணை சுகாதார விஞ்ஞான பீடமும் ஒரே பல்கலைக்கழகத்தில்தான் இருக்கின்றன. ஆனால் கட்டடங்கள் கிட்ட இருப்பதால் மட்டும் மனங்கள் கிட்ட வந்துவிடாது.

இந்த வரலாற்றில் கசப்பான ஒரு பகுதியும் உண்டு. சோதனை நடந்தது மாத்தளைத் தோட்டத்து உடம்புகளில். பாடம் பயன்பட்டதோ முதலில் கிராமங்களுக்கும் நகரங்களுக்கும். தோட்டத்துச் சுகாதாரம் நெடுங்காலம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாகவே விடப்பட்டது. 1970களில் தோட்டங்கள் தேசியமயமான பிறகுதான் அரசின் சுகாதாரச் சேவை மெல்ல மெல்ல லயங்களுக்குள் வந்தது. கற்றுக்கொடுத்தவனுக்குக் கூலி கடைசியில்தான் கிடைத்தது.

ஆகவே பெற்றோரே, உங்கள் மகள் மருத்துவமாதாகப் போகிறாள் என்றால் தலை நிமிர்ந்து சொல்லுங்கள். வைத்தியராகப் போகும் பிள்ளைகளே, வார்டில் வயதான ஒரு தாதி "சேர், இந்தப் பேஷண்டை இன்னொருக்கா பாருங்க" என்றால் நின்று பாருங்கள். அவர் இரவெல்லாம் அந்தக் கட்டிலருகே இருந்தவர். மருந்தாளர் ஒரு துண்டைத் திருப்பி அனுப்பினால் கோபப்படாதீர்கள், ஓர் உயிருக்காகத்தான் அனுப்புகிறார்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் வேலை செய்தவர்கள், பழைய மருத்துவமாதுகள், அவர்களுடைய பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால் உங்களுக்குத் தெரிந்ததைக் கீழே எழுதுங்கள். தோட்டத்துத் துரைமாரின் பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன. லயம் லயமாக ஏறி இறங்கியவர்களின் கதையை நாம்தான் எழுத வேண்டும்.